ஒப்பரேஷன் அன்று காலைத் தேத்தண்ணி

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. வருகிற கிழமை குடலிறக்க ஒப்பரேஷன். இரவு 12 மணிக்குப் பிறகு எதுவும் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள். காலையில் ஒரு தேத்தண்ணிகூடக் கூடாதா? குளிசைகளை என்ன செய்வது?
– வாசகி, நிலாவெளி

எந்தத் தேத்தண்ணி என்பதைப் பொறுத்தது. பால் வயிற்றுக்குள் போனதும் திரண்டுவிடும். அதனால் பால் தேத்தண்ணியை இடியப்பம், பாணோடு சேர்த்துச் சாப்பாட்டுக் கணக்கில்தான் வைப்போம்: 6 மணித்தியால இடைவெளி வேண்டும். இறைச்சி, பொரியல் என்றால் 8. தண்ணீரும் பிளேன்டீயும் பொதுவாக 2 மணித்தியாலம் முன்பு வரை பரவாயில்லை. ஆனால் பல வருடச் சீனி வருத்தம் என்றால் வயிறு மெதுவாகக் காலியாகலாம். அப்பாவுக்கு அதையும் மயக்க மருந்து டொக்டரிடம் கேட்டே கொடுங்கள்.

மயக்கத்தில் இருமவும் விழுங்கவும் முடியாது. வயிற்றில் கிடப்பது மேலே வந்தால் நேரே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். “முதுகில் விறைப்பூசிதானே” என்பார்கள். அது போதாமல் போனால் நடுவில் முழு மயக்கம் கொடுக்க நேரும். ஆகவே பட்டினி இரண்டுக்கும் ஒன்றுதான்.

குளிசை விஷயத்தில்தான் அதிகம் பிழைக்கிறது. அம்லோடிபின் போன்ற பிரஷர் குளிசையை வழக்கமாக ஒரு மிடறு தண்ணீரோடு போடலாம்; லொசார்டன், எனலாப்ரில் வகையைப் பெரும்பாலும் அன்று காலை நிறுத்தச் சொல்வோம். பட்டினியில் இன்சுலினைப் பழைய அளவிலேயே போட்டால் சீனி இறங்கிவிடும். எம்பாக்லிஃப்லோசின் என்ற சீனிக் குளிசை எடுக்கிறாரா என்று இன்றைக்கே பாருங்கள். அதை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சீனி அளவு சரியாகக் காட்டும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறலாம். நீங்களாக எதையும் நிறுத்தாமல், கிளினிக் கொப்பியையும் குளிசை அட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். லிஸ்டில் எத்தனையாவது ஆள் என்றும் கேளுங்கள். சீனி வருத்தக்காரரை முடிந்தவரை முதலில் எடுப்போம்.

ஒருமுறை ஒரு ஐயா, வார்டில் கேட்டபோதும் தியேட்டர் வாசலில் கேட்டபோதும் “ஒன்றும் சாப்பிடவில்லை” என்றார். மேசையில் ஏற்றிய பிறகு, “கோயில் பொங்கல் கொஞ்சம்... பிரசாதம்தானே” என்றார். திருப்பி அனுப்பினோம். அடுத்தவர் தயாராகும் வரை தியேட்டர் சும்மா கிடந்தது. மறுநாள் முதல் ஆளாக எடுத்தோம். அன்று காலை முழுக்க அவருடைய பேத்தி கட்டில் பக்கத்தைவிட்டு அசையவே இல்லையாம்.