பாக்கி, குடை, கையெழுத்து: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவில் ஒரு நாடு தாக்கப்பட்டால் அமெரிக்கா மறுநாளே போரில் குதித்தாக வேண்டும்தானே?

ப: அப்படி எங்கேயும் எழுதவில்லை. நேட்டோ ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவின்படி ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவை என்று படுவதைச் செய்யும். படையும் அனுப்பலாம், தளவாடத்தோடும் நிறுத்திக்கொள்ளலாம். செய்தித் தலைப்பை விட்டுவிட்டு ஒப்பந்த வாசகத்தைப் படியுங்கள். இதுவரை ஒரே ஒருமுறைதான் அந்தப் பிரிவைக் கையில் எடுத்தார்கள், 2001-ல், அதுவும் அமெரிக்காவுக்காக.

கே: 1982-ல் தென் அட்லாண்டிக்கில் உள்ள பிரிட்டனின் ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தபோது நேட்டோ எங்கே போயிற்று?

ப: கடக ரேகைக்கு வடக்கேயே நின்றுவிட்டது. அதே ஒப்பந்தத்தின் 6ஆவது பிரிவு போட்ட எல்லை அது. ஹவாய்கூட அதற்குள் வராது.

கே: ஜெர்மனி அமெரிக்காவுக்குத் தரவேண்டிய நேட்டோ பாக்கி எவ்வளவு?

ப: மாதம் நாலு பேராவது இதைக் கேட்கிறீர்கள். பாக்கி என்று ஒன்று கிடையாது. 2014-ல் வேல்ஸில் நடந்த நேட்டோ மாநாட்டில் பேசிய 2 சதவீதம் என்பது ஒவ்வொரு நாடும் தன் உள்நாட்டு உற்பத்தியில் தன் ராணுவத்துக்கே செலவழிக்க வேண்டிய பங்கு. வாஷிங்டனில் யாரும் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கவில்லை. தலைமையகம் அது இது என்று பொதுச் செலவுக்குத் தனி நிதி உண்டு, சின்னத் தொகைதான், அதில் அமெரிக்காவும் ஜெர்மனியும் ஏறத்தாழ சமமாக ஆளுக்கு 15 சதவீதம் போலப் போடுகிறார்கள். இதைச் சந்தா கட்டாத சங்க உறுப்பினர் கதையாக்கியவர்கள் அரசியல்வாதிகள், அதை நீங்கள் அப்படியே எனக்கு அனுப்பிவைக்கிறீர்கள். சரி, அமெரிக்காவின் மனக்குறையில் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை: 2014-ல் 2 சதவீதத்தைத் தொட்டவை மூன்றே நாடுகள், மற்றவர்கள் குடை பிடிக்க ஆள் இருக்கிறது என்று கையை வீசிக்கொண்டு நடந்தார்கள். 2025-ல் நெதர்லாந்தின் ஹேக் நகர மாநாட்டில், 2035-க்குள் 5 சதவீதம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதிலும் நேரடி ராணுவச் செலவு மூன்றரைதான், மீதி பாலம், துறைமுகம், இணையப் பாதுகாப்பு என்று போகும். ஆயுதத்தை அமெரிக்காவில் வாங்கினால் பணம் அங்கே போகும், அது வியாபாரம், பாக்கி அல்ல.

கே: தைவானைக் காப்பதாக அமெரிக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறதா?

ப: போட்டிருந்தது, 1954-ல், ஓர் ஒப்பந்தத்தில். 1980 பிறந்ததோடு அது முடிந்தது. அதன் இடத்தில் வந்த 1979 அமெரிக்கச் சட்டம் தற்காப்பு ஆயுதம் கொடுக்கச் சொல்கிறது, போருக்கு வருவேன் என்று சொல்லவில்லை. தெரிந்தே வைத்த மழுப்பல். மறுபடியும் சொல்கிறேன், வாசகத்தைப் படியுங்கள்.

கே: 1994-ல் உக்ரைனுக்கு நேட்டோ கொடுத்த உத்தரவாதம் என்ன ஆனது?

ப: நேட்டோ கொடுக்கவே இல்லை, கேட்கும் முன் ஒருமுறை சரிபாருங்கள். புடாபெஸ்டில் உக்ரைனோடு கையெழுத்துப் போட்டவை அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா. கிடைத்ததும் உறுதிமொழிதான், உத்தரவாதம் அல்ல. அணு ஆயுத மிரட்டல் வந்தால் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போவோம், சிக்கல் வந்தால் கூடிப் பேசுவோம், அவ்வளவே. கடைசியில் மீறியது கையெழுத்துப் போட்ட ரஷ்யாவே, கவுன்சிலில் எந்தத் தீர்மானத்தையும் தடுக்கும் வீட்டோவும் அதன் கையில்.