கடிதம்: மெட்டும் இல்லை, தாளமும் இல்லை

வணக்கம் ஐயா,

சென்ற மாதம் மகள் என்னைக் கோலாலம்பூரில் ஒரு நவீன செவ்வியல் இசைக் கச்சேரிக்கு அழைத்துப் போனாள். வாத்தியக்காரர்கள் மேடையில் இல்லை, எங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். விளக்கையும் அணைத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் மெட்டும் இல்லை, தாளமும் இல்லை. இரைச்சல் ஏறியது, இறங்கியது, அவ்வளவுதான். தோட்டத்துக் கோயிலில் பல வருடமாகத் தேவாரம் பாடுகிறவன் நான். "இதுக்கு உறுமி மேளத்துக்கு நடுவுல நின்னா போதாதா, டிக்கெட் எதுக்கு?" என்றேன். மகள் கோபித்துக்கொண்டாள். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள ஐயா,

நான் உங்கள் மகள் கட்சி. ஆனால் உறுமியை வைத்தே பேசலாம். உறுமி மேளம் நம்மைச் சூழ்ந்து அடித்தாலும், காவடி எடுப்பவருக்கும் வேடிக்கை பார்ப்பவருக்கும் கேட்பது ஒரே அடிதான். பாரிஸில் வாழ்ந்த கிரேக்க இசையமைப்பாளர் யானிஸ் செனாக்கிஸ், 1966இல் ஒரு படைப்புக்காக 88 வாத்தியக்காரர்களைச் சபையினர் நடுவே பரவலாக உட்காரவைத்தார். (கட்டடப் பொறியியல் படித்தவர், அந்தப் புத்தி எங்கே போகும்?) டபுள் பேஸ் (அடி ஸ்தாயியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) பக்கத்தில் இருந்தவர் கேட்டது ஒன்று, டிராம்போன் பக்கத்தில் இருந்தவர் கேட்டது வேறு. இந்த வகை இசையில் மெட்டைத் தேடினால் ஏமாற்றம்தான். ஒலி எங்கே கிளம்பி எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனிக்க வேண்டும்.

அதைவிட உங்களுக்குச் சுலபமான வாசல் ஒன்று இருக்கிறது. எஸ்தோனியாக்காரர் ஆர்வோ பார்ட், ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் நினைவாக 1977இல் எழுதிய 'காண்டஸ்'. தந்தி வாத்தியங்களும் ஒரே ஒரு மணியும்தான். அவர் எடுத்துக்கொண்டது ஏ மைனர் இறங்குவரிசை, அதாவது நம் நடபைரவி அவரோகணம். முதல் வயலின்கள் அதில் இறங்குகின்றன. இரண்டாம் வயலின்கள் பாதி வேகத்தில், வயோலா அதிலும் பாதி, செல்லோ அதிலும் பாதி. டபுள் பேஸுக்கு வரும்போது வேகம் 16இல் ஒரு பங்கு. நம் வித்வான் பல்லவியைக் கீழ்க்காலம், மேல்காலம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாடிக் காட்டுவார். இங்கே ஐந்து காலமும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. முதல் தடவை அது ஒரே மொத்தையாகத்தான் காதில் விழும். வயலினை விட்டுவிட்டு டபுள் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். போன் ஸ்பீக்கரில் அந்த அடி ஸ்தாயி எடுபடாது, ஹெட்போன் வேண்டும்.

விளக்கை அணைத்தது பற்றிய உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு. நாலு ஸ்பீக்கரையும் நீல வெளிச்சத்தையும் வைத்து, பழைய சரக்கையே புது அனுபவம் என்று விற்கும் கச்சேரிகளும் இருக்கின்றன. வாத்தியக்காரர்களை எதற்காகச் சுற்றி உட்காரவைத்தார்கள் என்பது இசையிலேயே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் காசு தண்டம்தான்.

அடுத்த முறை போனால் மகளும் நீங்களும் ஆளுக்கொரு மூலையில் டிக்கெட் எடுங்கள். இரண்டு பேரும் கேட்டது ஒத்துப்போகாது. திரும்பி வரும்போது தாப்பா வரைக்குமாவது சண்டை போட விஷயம் இருக்கும்.