எடுத்துக்கோன்னு சொல்லிட்டு எதுக்கு சண்டை?

கேள்வி: சார், ஓப்பன் சோர்ஸ்னா புரோகிராமோட மூல வரிகளை (சோர்ஸ், கோட்) யார் வேணா எடுத்துக்கலாம்னுதானே அர்த்தம்? அப்புறம் ஜிபிஎல் லைசென்ஸ் ஆளுங்களும் பிஎஸ்டி லைசென்ஸ் ஆளுங்களும் ஏன் பங்காளிங்க மாதிரி அடிச்சுக்கறாங்க?

பதில்: பங்காளின்னு சரியாத்தான் சொன்னீங்க, வெளியாளுங்களுக்குள்ள இவ்ளோ கோவம் வராது. ரெண்டு பேருமே எடுத்துக்கோன்னுதான் சொல்றாங்க. பிஎஸ்டிக்காரர் "என் பேரையும் லைசென்ஸ் வரிகளையும் அழிக்காதே, மத்தபடி என்னமோ பண்ணிக்கோ, மூடி வெச்சு வித்தாலும் சரி"ங்கறார். ஜிபிஎல்காரர் "மாத்தி அடுத்தவனுக்குக் குடுத்தா சோர்ஸையும் சேர்த்துக் குடு, இதே லைசென்ஸ்ல குடு"ங்கறார். இதனால ரோடு ஒன்வே ஆயிடுது. பிஎஸ்டி கோட் ஜிபிஎல் வீட்டுக்குள்ள போகலாம், அங்க போய் ஜிபிஎல்ல வளர்ந்த பகுதி திரும்பி வர முடியாது.

2007-ல நடந்த கூத்தைச் சொல்றேன். ஏப்ரல்ல, பிஎஸ்டி பக்கத்து ஆப்பரேட்டிங் சிஸ்டமான ஓபன்பிஎஸ்டியோட டெவலப்பர் ஒருத்தர் பிராட்காம் வைஃபை சிப்புக்கு டிரைவர் (சிப்பை இயக்கற புரோகிராம்) எழுதிட்டு இருந்தார், இன்னொரு சிஸ்டமான லினக்ஸோட ஜிபிஎல் டிரைவர்லருந்து சில துண்டுகளை எடுத்துப் போட்டு அதை அப்படியே ஊரே பார்க்கற கோட் கிடங்குல (ரெப்போ) ஏத்திட்டார். லினக்ஸ்காரர் பார்த்துட்டு, தனியா ஒரு வார்த்தை கேக்காம, நிறைய பேரை சிசி போட்டு மெயில் அடிச்சுட்டார். ஓபன்பிஎஸ்டி தலைவர் தியோ டி ராட் அதுக்குக் கொதிச்சார், டிரைவர் எழுதினவர் வெறுத்துப்போய் மொத்தத்தையும் டெலீட் பண்ணிட்டார். அதே வருஷம் ஆகஸ்ட்ல கதை அப்படியே உல்டா. இந்த தடவை ஆத்ரோஸ் சிப், கோட் ஓபன்பிஎஸ்டி பக்கத்தோடது. அந்த ஃபைலுங்க தலையில காபிரைட் வருஷம், எழுதினவர் பேர், "இந்த அனுமதி வரிகள் எல்லா காப்பிலயும் இருக்கணும்"னு ஒரு பாரா இருக்கும், மொத்தமே பத்து பதினஞ்சு வரிதான். லினக்ஸ் பக்கத்துலருந்து ஒருத்தர் அனுப்பின பேட்ச்ல (திருத்தப் பட்டியல்) அந்த வரிகளுக்கு முன்னாடி மைனஸ் குறி, அதாவது நீக்கு; கீழே ஜிபிஎல்லுக்கு பிளஸ் குறி, அதாவது சேர்! இருக்கணும்னு சொல்ற வரியையே தூக்கினா எப்படி? கடைசில சாஃப்ட்வேர் ஃப்ரீடம் லா சென்டர் வக்கீலுங்க உள்ள வந்து, எதை வெச்சுக்கணும் எதைச் சேர்க்கலாம்னு புரியவெக்க வேண்டியதா போச்சு. என்னைக் கேட்டா ரெண்டுலயும் தப்பு ஒண்ணுதான், அவசரத்துல அடுத்தவங்க ஃபைலோட தலைப்பை யாரும் ஒழுங்கா படிக்கல.

கேள்வி: லினக்ஸுக்கு கேடிஇன்னு ஒரு டெஸ்க்டாப் இருக்கும்போது க்னோம்னு இன்னொண்ணு எதுக்கு? வேலையத்த வேலையா?

பதில்: இல்லைங்க, அதுவும் லைசென்ஸ் தகராறுதான். 1996-ல கேடிஇ ஆரம்பிச்சப்போ அதுக்கு அஸ்திவாரமா எடுத்தது நார்வேயோட ட்ரோல்டெக் கம்பெனி எழுதின க்யூட்ங்கற டூல்கிட் (பட்டன், மெனு வரையற கோட்). சோர்ஸ் பார்க்கலாம், ஆனா மாத்தி வினியோகிக்க முடியாது. மேல கட்டினது ஜிபிஎல், கீழே இருக்கறது வேற ஒருத்தர் சொத்து, இது ஆகாதுன்னு 1997-ல மிகேல் டி இகாசா ஆளுங்க க்னோமை ஆரம்பிச்சாங்க. 2000-ல க்யூட்டே ஜிபிஎல்லுக்கு வந்துடுச்சு. சண்டைக்குக் காரணம் தீர்ந்துபோச்சு, ஆனா அதுக்குள்ள ரெண்டு வீடும் கட்டி குடியேறிட்டாங்களே, இனிமே யார் இடிப்பாங்க?

கேள்வி: லெட்டர், கணக்கு டைப் பண்ண ஓப்பன் ஆபீஸா, லிப்ரே ஆபீஸா?

பதில்: லிப்ரே. 2010-ல ஓப்பன் ஆபீஸ்லருந்து பிரிஞ்சாங்க, அடுத்த வருஷம் அதை வெச்சிருந்த ஆரக்கிள் கம்பெனி ஓப்பன் ஆபீஸை அப்பாச்சி அமைப்புகிட்ட குடுத்துடுச்சு. அப்பாச்சி லைசென்ஸ்ல வர்ற கோடை லிப்ரே எடுத்துக்கும், லிப்ரேவோட லைசென்ஸ் கறாரானதால அந்த கோடை அவங்க எடுக்க முடியாது. திரும்பவும் அதே ஒன்வே.

கேள்வி: நாலு வருஷமா ராத்திரி முழிச்சு ஒரு லைப்ரரி (மத்த புரோகிராம்ல சேர்த்துக்கற கோட்) எழுதறேன், பிஎஸ்டி மாதிரியே தாராளமான எம்ஐடி லைசென்ஸ். ஒரு கம்பெனி அதை அவங்க ப்ராடக்ட்ல போட்டு விக்கிறாங்க, ஒரு நன்றி கூட இல்ல. லைசென்ஸை மாத்திடலாமா?

பதில்: வயித்தெரிச்சல் புரியுது, ஆனா எடுத்துக்கோன்னு எழுதிக் குடுத்தது நீங்கதான். இனி வர்ற வெர்ஷனை ஏஜிபிஎல்னு (ஜிபிஎல்லைவிடக் கறாரானது) மாத்தலாம், மத்தவங்க அனுப்பின எம்ஐடி கோடோட நோட்டீஸை மட்டும் அப்படியே விட்டு வைக்கணும். (ஜிபிஎல்லா இருந்திருந்தா பாடு வேற. விஎல்சி வீடியோ பிளேயர் ஆளுங்க அவங்க எஞ்சினை, ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாத்த கோட் எழுதினவங்களை ஒவ்வொருத்தரா தேடிப் பிடிச்சு சம்மதம் வாங்கினாங்க.) ஆனா ஏற்கனவே வெளிய போன வெர்ஷனுக்குக் குடுத்த அனுமதி குடுத்ததுதான், அதை வெச்சு யார் வேணா தனியா கிளை பிரிக்கலாம். ரெடிஸ்ங்கற டேட்டாபேஸ் 2024 மார்ச்ல பிஎஸ்டியை விட்டு ஓப்பன் சோர்ஸ் இல்லாத லைசென்ஸுக்குப் போச்சு, அந்த மாசமே லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழல்ல பழைய கோட்லருந்து வால்கீங்கற கிளை பொறந்துடுச்சு, 2025-ல ரெடிஸே ஏஜிபிஎல்லையும் சேர்த்துக்கிட்டு ஓப்பன் சோர்ஸுக்குத் திரும்பி வந்துச்சு.

அதெல்லாம் இருக்கட்டும், முதல்ல அவங்க ப்ராடக்டோட லைசென்ஸ் பக்கத்துல உங்க காபிரைட் வரி இருக்கான்னு பாருங்க. நன்றி சொல்லணும்னு எம்ஐடில இல்ல, அந்த வரி இருக்கணும்னு இருக்கு. காணோம்னா ஒரு மெயில் போடுங்க, தனியா, ஊரை சிசி போடாம.