வணிகர் சங்கத்தின் சட்டக் கோரிக்கைகளை நகர மன்றம் ஆதரித்தால் என்ன ஆகும்? பெங்களூருவில் இது நடக்குமா?

சட்டப்படி ஒன்றும் ஆகாது. அது வெறும் ஆதரவுத் தீர்மானம். அமெரிக்காவில் மாநில சட்டமன்றம் கூடும் முன் வட்டார வணிகர் சங்கம் சாலை, தண்ணீர், வரி என்று பட்டியல் போடும். சுற்றுவட்டார நகர மன்றங்கள் அதற்குக் கை தூக்கும். தனியாகக் கேட்டால் எடுபடாத சின்ன ஊருக்கு இது லாபம்தான். ஆனால் சாலை கேட்கும் அதே பட்டியலில் சொத்து வரிக் குறைப்பும் இருக்கலாம். அது நகரத்தின் சொந்த வருமானம். மொத்தமாக ஆதரிக்காமல் ஒவ்வொரு கோரிக்கையாகப் பார்ப்பதே சரி என்பேன்.

பெங்களூருவில் 1916-இல் விஸ்வேஸ்வரய்யா தொடங்கிய வணிக சபை இன்றும் இருக்கிறது. அவர்கள் நேராக மாநில அரசு இருக்கும் விதான சௌதாவுக்குத்தான் போவார்கள். காரணம் எளிது. தொழில் வரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: சென்னையில் மாநகராட்சி வசூலிக்கிறது, இங்கே மாநில அரசு. ஆண்டுக்கு ஒருவருக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்போ அரசியல் சாசனத்தின் 276-வது பிரிவில் இருக்கிறது. பீன்யா தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் நம்மவர் இந்த வரியைக் குறைக்கச் சொல்லி மாநகராட்சியிடம் மனு கொடுத்து என்ன பயன்?

அப்புறம், தீர்மானம் போட மன்றம் வேண்டுமே! 2020 செப்டம்பரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. 2025 செப்டம்பரில் ஒரே மாநகராட்சி ஐந்தானபோதும் தேர்தல் நடந்திருக்கவில்லை. கவுன்சிலர் இல்லாத நகரில் அதிகாரிகள்தான் எல்லாம். அவர்கள் மாநில அரசுக்கு எதிராகத் தீர்மானம் போடுவார்களா என்ன?