பக்கத்து வீட்டுக்கு அரசின் அஸ்வெசும உதவிப்பணம் வருகிறது, எங்களுக்கு ஏன் இல்லை?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்கு புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை. நான் துணிக்கடை ஒன்றில் முழுநேரமும் நிற்கிறேன், மாதம் 24,000 ரூபா. இரண்டு பிள்ளைகள், 72 வயது மாமி. வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் ஒரே கரண்ட் மீற்றர். அஸ்வெசும கேட்டோம், நிராகரித்துவிட்டார்கள். பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள், எங்கள் கடைக் கொப்பியில் எதுவும் குறையவில்லை. அரசாங்கத்திடமிருந்து எங்களுக்கு என்னதான் கிடைக்கும்?

பதில்: உங்கள் கடைக் கொப்பி பொய் சொல்லவில்லை, அம்மா. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம் வரை போனது. அது பிறகு இறங்கியது என்றால் விலை ஏறும் வேகம் இறங்கியது என்றுதான் பொருள். ஏறிய பருப்பும் பால்மாவும் பழைய விலைக்குத் திரும்பி வரவில்லை.

அஸ்வெசும விஷயத்துக்கு வருவோம். 2023 ஜூலையில் தொடங்கிய இந்தத் திட்டம் வருமானத்தை மட்டும் பார்ப்பதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு வசதி, குடும்ப அமைப்பு என்று ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். மின்சாரப் பாவனையும் அந்தப் புள்ளிக்குள் வருகிறது. உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்த ஒரே மீற்றர்தான். நீங்கள் 50 அலகு எரித்து, முன்வீட்டில் 100 எரித்தால், பில்லில் 150 என்றுதான் இருக்கும். அந்த இலக்கம் அப்படியே உங்கள் விண்ணப்பத்தில் போயிருந்தால், கணினிக்கு நீங்கள் கொஞ்சம் வசதியான குடும்பமாகத்தான் தெரிந்திருப்பீர்கள். கொழும்பு வடக்கின் தோட்டக் குடியிருப்புகளிலும் ஒழுங்கைகளிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு இதே கதைதான்.

ஆகவே மேன்முறையீட்டில் "நாங்கள் ஏழைகள்" என்று மட்டும் எழுதாதீர்கள். தனியாகச் சமைக்கும் தனிக் குடும்பம், மீற்றர் பொதுவானது, எங்கள் பங்கு இவ்வளவு என்று எழுதுங்கள். வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதன் பிரதி, இல்லாவிட்டால் வீட்டுக்காரரின் கடிதம் இணையுங்கள். கிராம உத்தியோகத்தரைப் பார்த்துவிட்டு கொழும்பு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். (வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து வாசகர்கள் திம்பிரிகஸ்யாய செயலகத்துக்குப் போகவேண்டும்.) மேன்முறையீட்டுக் காலம் முடிந்திருந்தால் அடுத்த சுற்று எப்போது என்று நலன்புரி நன்மைகள் சபையின் 1924 இலக்கத்தில் கேட்கலாம். கிடைத்தால் சின்னத் தொகையில்லை. 2025 ஜனவரியிலிருந்து வறிய பிரிவுக்கு மாதம் 10,000 ரூபா, மிக வறிய பிரிவுக்கு 17,500 வரை.

அதே மீற்றர் உங்களை இன்னொரு இடத்திலும் கடிக்கிறது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்குத் தனிச் சலுகை விலை. அதைத் தாண்டினால் தாண்டிய அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே விலை கூடும். மாதக் கட்டணமும் கூடும். நீங்கள் எவ்வளவு சிக்கனமாக லைட்டை அணைத்தாலும் வீட்டுக்காரரின் ஏசி உங்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும். தனி மீற்றருக்கு அவருடைய சம்மதம் வேண்டும். அதைக் கேட்பது சங்கடம்தான். ஆனால் பில்லைப் பிரித்தால் அவருடைய அலகும் குறையும், அதைச் சொல்லிக் கேளுங்கள்.

மாமியின் காரியத்தைத் தள்ளிப் போடாதீர்கள். 70 வயது கடந்த குறைந்த வருமான முதியவர்களுக்கான கொடுப்பனவை 2025 வரவு செலவுத் திட்டம் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆக்கியது. அதே பிரதேச செயலகத்தில் அதையும் கேளுங்கள், ஒரே பஸ் காசோடு முடியும். மாமியின் அடையாள அட்டையை மறக்கவேண்டாம்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. என் கணக்கில் உங்கள் கடிதத்திலேயே பெரிய தொகை இதுதான்: 24,000 ரூபா சம்பளம். 2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் தனியார் துறைக்கும் செல்லும். அந்தக் குறைந்தபட்சம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. முழுநேரம் நிற்கும் உங்களுக்கு மாதம் 6,000 குறைகிறது. அதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் கட்டவேண்டும். உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 8 சதவீதம் மட்டுமே.

கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுவீர்கள். நியாயமான பயம், கடைத்தெருவை நானும் அறிவேன். அதனால் சண்டையில் தொடங்கவேண்டாம். முதலில் சம்பளச் சிட்டையும் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கமும் கேளுங்கள், யாரும் கேட்கக்கூடியவைதான். இரண்டும் இல்லை என்று பதில் வந்தால், வேலை செய்த நாட்களையும் வாங்கிய காசையும் இன்றிலிருந்து ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வையுங்கள். முறைப்பாடு செய்ய நாரஹேன்பிட்ட தொழில் செயலகத்துக்குப் போகும் நாளில் அந்தக் கொப்பி கையில் இருக்கவேண்டும்.