தவளைத் தோலிலிருந்து ஆன்டிபயாடிக்குக்கு மாற்று வருமா?

காரைக்குடியில் எங்கள் அப்பத்தாவுக்குக் காலில் சர்க்கரைப் புண் வந்தபோது எடுத்த கல்ச்சர் ரிப்போர்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. புண்ணில் இருக்கும் கிருமி எந்த ஆன்டிபயாடிக்குக்கு மசியும் என்று பார்க்கும் சோதனை அது. வரிசையாக மருந்துப் பெயர்கள். பாதிக்கு மேல் எதிரே ‘ஆர்’. அந்த மருந்துக்கு அந்தக் கிருமி மசியாது என்று அர்த்தம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வரலாம், ஆனால் வழி சுலபமில்லை.

புண்காலோடு கண்மாயில் இறங்காதே என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப் அறுவை செய்து தையல் போட்ட ஆப்பிரிக்கத் தவளைகளோ, அழுக்குத் தொட்டித் தண்ணீரிலேயே கிடந்தும் சீழ் வைக்காமல் ஆறின. தோலில் சுரந்த சின்னப் புரதத் துண்டுகள்தான் காரணம். 1987-ல் அவற்றுக்கு மகைனின் என்று பெயரிட்டார். இந்த வகைக்குப் பெப்டைடு என்று பெயர். நம் தோலிலும் குடலிலும்கூட வேறு பெப்டைடுகள் காவல் நிற்கின்றன.

இவற்றில் பெரும்பாலானவை நேர்மின்னூட்டம் கொண்டவை. பாக்டீரியாவின் மேலுறை எதிர்மின்னூட்டம். போய் ஒட்டிக்கொண்டு, உறையில் ஓட்டை போட்டுவிடும். உள்ளே இருப்பது கசிந்து கிருமி சாகும். நம் செல்லின் வெளிப்புறத்தில் அந்த ஈர்ப்பு குறைவு, அதனால் பெரும்பாலும் தப்பிக்கிறது. உறையையே மாற்றிக்கொள்வது கிருமிக்குக் கஷ்டம். முடியாதது இல்லை: பெப்டைடு மருந்தான கொலிஸ்டினை எதிர்க்கும், கிருமிக்குக் கிருமி தாவும் மரபணு 2015-ல் சீனாவில் தெரியவந்தது.

விழுங்கினால் வயிறு இவற்றைச் சாப்பாட்டுப் புரதம்போலச் செரித்துவிடும். தயாரிப்புச் செலவும் அதிகம். மகைனினிலிருந்து செய்த சர்க்கரைப் புண் களிம்புக்கு 1999-ல் அமெரிக்கா அனுமதி தரவில்லை. அப்பத்தா காலை நினைத்தால் அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.