ரூபா ஏன் விழுந்தது, யாரை எப்படி அடித்தது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வங்கியொன்றின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இலங்கை ரூபாவின் பெறுமதி பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பொத்துவிலில் இருந்து வாழைச்சேனை வரைக்கும் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சேர், 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. அதற்குள் அப்படி என்னதான் நடந்தது? (ஆசிரியை, களுவாஞ்சிகுடி)

உடைந்தது சில வாரங்களில்தான் மகள். ஆனால் அழுத்தம் பல வருடமாகச் சேர்ந்தது. 2021இல் நாம் ஏற்றுமதி செய்தது 12.5 பில்லியன் டொலருக்கு. இறக்குமதியோ 20.6 பில்லியன். இடையில் விழும் 8 பில்லியன் பள்ளத்தை வழக்கமாக நிரப்புவது வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் காசும் சுற்றுலாவும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளும் (நம் மட்டக்களப்பில் தாக்கப்பட்ட சீயோன் தேவாலயத்தை யார் மறப்பார்), அடுத்த வருடம் வந்த கொரோனாவும் சுற்றுலாவை முடக்கிவிட்டன.

இன்னொரு பக்கம், 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்தில் இருந்து 8 வீதமாக்கினார்கள். அரசாங்கத்தின் வருமானம் சுருங்கியது, செலவு சுருங்கவில்லை. பற்றாத காசை மத்திய வங்கி அச்சிட்டுக் கொடுத்தது. ரூபா பெருகியது, டொலர் பெருகவில்லை. வெளிநாட்டுச் சந்தையில் புதுக் கடன் எடுக்க வழியில்லை, பழைய கடனின் தவணையோ நிற்கவில்லை. 2019 முடிவில் 7.6 பில்லியனாக இருந்த டொலர் கையிருப்பு 2022 மார்ச்சில் 2 பில்லியனுக்கும் கீழே இறங்கிவிட்டது.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, 2021 செப்டெம்பரில் இருந்து டொலரை 200, 203 ரூபாவில் பிடித்து வைத்திருந்தார்கள். மாரி மழைக்கு உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவார்கள். பூட்டியே வைத்தால் அணைக்கட்டு என்னாகும்? அதுதான் ரூபாவுக்கும் நடந்தது. 2022 மார்ச் 7ஆம் திகதி, 230 வரை போகலாம் என்று மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. அந்த மாதம் முடிய முன்னரே 290ஐத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். மே மாதம் 360.

ரூபா பலவீனப்பட்டது ஒரு துன்பம். பலவீனமே இல்லை என்று மாதக்கணக்கில் காட்டிக்கொண்டது அதைவிடப் பெரிய துன்பம் என்பது என் உறுதியான கருத்து. அந்த மாதங்களில் கரைந்த டொலரில் எத்தனையோ மருந்தும் எரிபொருளும் வாங்கியிருக்கலாம்.

கேள்வி: டொலர் 80 வீதம் கூடியது என்கிறார்கள், ரூபா 44 வீதம் விழுந்தது என்றும் சொல்கிறார்கள். எது சரி? (மாணவன், கல்முனை)

இரண்டும் சரி தம்பி. 200இல் இருந்து 360க்குப் போனால் டொலரின் விலை 80 வீதம் ஏறியிருக்கிறது. ரூபா பக்கமிருந்து பார்: முன்பு 1,000 ரூபாவுக்கு 5 டொலர், பிறகு 2 டொலர் 78 சதம். குறைந்தது 44 வீதம். பரீட்சையில் எந்தப் பக்கமிருந்து கேட்கிறார்கள் என்று பார்த்து எழுது.

கேள்வி: ஜப்பானின் ஒரு யென் நம் இரண்டு ரூபா அளவுதான். அப்படியென்றால் ஜப்பான் பலவீனமான நாடா? (அதே மாணவன்)

இல்லை. ஒரு நோட்டில் எத்தனை பூச்சியம் என்பது வலிமையைச் சொல்லாது. எவ்வளவு வேகமாக மாறுகிறது, அந்த நாட்டவரின் சம்பளத்துக்கு எவ்வளவு சாமான் வாங்கலாம் என்பதுதான் கணக்கு.

கேள்வி: அண்ணன், என்ட மாப்பிள்ளை கட்டாரில் சாரதி. ரூபா விழுந்தது எங்களுக்கு நல்லதுதானே? அந்தக் காலத்தில் உண்டியலில் அனுப்பினோம், அது பிழையா? (இல்லத்தரசி, காத்தான்குடி)

கட்டார் றியாலை ஒரு டொலருக்கு 3.64 என்று கட்டி வைத்திருக்கிறார்கள். சவூதி றியால் 3.75. ஆகவே டொலர் ஏறினால் வளைகுடாக் காசும் சேர்ந்து ஏறும். டொலர் 200ஆக இருந்தபோது ஒரு கட்டார் றியால் 55 ரூபா, 360 ஆனபோது ஏறக்குறைய 99. அதே சம்பளத்தில் இருந்து வீட்டுக்கு வரும் ரூபா கூடியது உண்மை தங்கச்சி. ஆனால் அரிசி, பால்மா, காஸ் எல்லாம் அதோடு போட்டி போட்டு ஏறியதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்று 2022 ஏப்ரலில் ஒரே நாளில் 2,675 ரூபாவில் இருந்து 4,860க்குப் போனது. வெளிநாட்டுக் காசு வந்த வீடு ஓரளவு தாக்குப்பிடித்தது. பக்கத்தில் கூலி வேலை செய்தவன் வீடு அடிபட்டது.

உண்டியல், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் வழியாகக் காசு அனுப்பும் விஷயத்தைத் திறந்தே பேசுவோம். வங்கியில் 200, வெளியே அதைவிட எவ்வளவோ கூட என்றால், வெயிலில் நின்று உழைத்தவர் கூடத் தருகிற இடத்துக்குத்தான் போவார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. பொய் விலையை வைத்தவர்கள்தான் அவரை அங்கே தள்ளினார்கள். ஆனால் விளைவு பெரிது. தோஹாவில் கொடுத்த காசு அங்கேயே நின்றுவிடும், இங்கே ஒருவர் உங்களிடம் ரூபாவைத் தருவார். நாட்டின் வங்கிக்குள் ஒரு டொலரும் வராது. வங்கி வழியாக 2020இல் 7.1 பில்லியன் டொலர் வந்தது. 2021இல் 5.5, 2022இல் 3.8. எரிபொருள் கப்பல் கடலில் காத்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு விலை உண்மையான இடத்துக்கு வந்ததும் காசும் வங்கிக்குத் திரும்பியது, 2023இல் 6 பில்லியன் அளவில். இப்போது வங்கியில் அனுப்புவதில் நட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உண்டியல் சட்டவிரோதம், காசு போனால் கேட்கவும் இடமில்லை. வங்கியிலேயே அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா, என் நெல் இங்கே விளைகிறது, இங்கேயே விற்கிறேன். டொலருக்கும் என் வயலுக்கும் என்ன தொடர்பு? (விவசாயி, சம்மாந்துறை)

மண்ணும் தண்ணீரும் உங்கள் உழைப்பும் நம்முடையவை. மிச்சத்தைப் பாருங்கள். யூரியா, களைநாசினி, உழவு இயந்திரம், வெட்டு மெசின், அவற்றின் உதிரிப்பாகம், டீசல், எல்லாமே டொலர் கொடுத்து வாங்கியவை. 2021 டிசெம்பரில் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூன் கடைசியில் 460. உழவுக்கும் வெட்டுக்கும் ஏற்றுக்கூலிக்கும் அந்தக் கணக்குத்தான் தொடர்ந்து வந்தது.

ஆனால் உங்களுக்கு வந்த அடி ரூபாவால் மட்டும் வந்ததில்லை. மூன்று அடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. 2021 மே மாதமளவில் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. அதே நேரம் உலகச் சந்தையில் உர விலை ஏறியது, உக்ரேன் போர் அதை இன்னும் ஏற்றியது. அதன் பிறகு ரூபா விழுந்தது. இந்தியக் கடனில் வந்த யூரியாவையே 2022இல் 50 கிலோ மூடை 10,000 ரூபாவுக்குத்தான் அரசாங்கம் கொடுத்தது. மானியத்தில் பழகிய விவசாயி எங்கே போவார்? நெல் விலையும் ஏறியது என்பார்கள். விற்க மூடை இருந்தால்தானே விலையால் பயன்?

விளைச்சல் குறைந்ததால் அரிசியை வெளிநாட்டில் வாங்க வேண்டி வந்தது. இல்லாத டொலரில் அதற்கும் ஒரு பங்கு போனது. சம்மாந்துறை வயலில் உரமில்லாமல் போனது சுற்றி வந்து ரூபாவையும் அடித்தது என்பதைக் கொழும்பில் பலர் யோசித்துப் பார்ப்பதில்லை.

கேள்வி: மண்ணெண்ணெய் ஒரே இரவில் நாலு மடங்கானது. எஞ்சின் போட்டைக் கரையில் ஏற்றிவிட்டு இருந்தோம். அதற்கும் டொலர்தானா? (கடற்றொழிலாளர், வாழைச்சேனை)

டொலரும், மறைத்து வைத்த விலையும். 2022 ஓகஸ்டில் 87 ரூபாவில் இருந்து 340க்கு ஏற்றினார்கள். அதற்கு முன்னும் மண்ணெண்ணெய் 87 ரூபாவுக்கு நாட்டுக்குள் வரவில்லை, வித்தியாசத்தை எண்ணெய்க் கூட்டுத்தாபனம் நட்டமாகச் சுமந்தது. ரூபாவில் செய்த அதே வேலைதான் இங்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் மீன் விலையும் அதோடு மெல்ல நகர்ந்திருக்கும், நீங்களும் சமாளித்திருப்பீர்கள். மானியம் தேவையென்றால் அதைத் தொழிலாளியின் கையில் நேரே கொடுப்பதே முறை.

கேள்வி: ரூபா விழுந்தால் ஏற்றுமதிக்கு நல்லது என்று படித்தோம். எங்கள் கைத்தறிக்கு ஏன் நல்லது நடக்கவில்லை? (மருதமுனை)

நூலும் சாயமும் வெளியில் இருந்து வருவதால்தான். உள்ளூர்ப் பொருளையும் உள்ளூர்க் கையையும் கொண்டு செய்து வெளியே விற்பவருக்கே அந்த நன்மை முழுதாகக் கிடைக்கும். அறுகம்பை, பாசிக்குடா விடுதிகளுக்கு அப்படி ஒரு வாய்ப்பு இருந்தது, வெள்ளைக்காரருக்கு இலங்கை மலிவானது. ஆனால் பெற்றோல் இல்லாத நாட்டுக்கு 2022இல் எத்தனை பேர் வருவார்கள்?

கேள்வி: 360 ஆக இருந்தது 2024 முடிவில் 290க்கு வந்தது. தேத்தண்ணிக் கடையில் விலை ஏன் இறங்கவில்லை? (அக்கரைப்பற்று)

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9. அடுத்த வருடம் ஜூலையில் 6.3க்கு வந்தது. பலர் இதை விலை இறங்கியது என்று எடுத்துக்கொண்டார்கள். ஏறும் வேகம்தான் குறைந்தது. ஏறிய விலை ஏறியபடியே நின்று, அதன்மேல் இன்னும் 6 வீதம் ஏறியது.

டொலர் இறங்கியபோது வரி ஏறியதையும் சேருங்கள். 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. கடைக்காரருக்கு மின்கட்டணமும் கூலியும் கூடிவிட்டன. விலை பழைய இடத்துக்கு வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. சம்பளமும் நெல் விலையும் விலைக்கு நிகராக உயர வேண்டும் என்று கேட்பதுதான் நியாயமான கோரிக்கை.

கேள்வி: கையில் இருக்கும் காசுக்கு டொலர் வாங்கி வைக்கலாமா, நகை வாங்கலாமா? (ஓய்வூதியர், மட்டக்களப்பு)

தெருவில் டொலர் வாங்காதீர்கள். சட்டப்படி குற்றம், கள்ள நோட்டும் உண்டு. தங்கத்தின் விலை உலகில் டொலரில்தான் தீர்மானமாகிறது. அதனால் ரூபா விழும்போது நகை வைத்திருந்தவர் தப்பினார். ஆனால் உலக விலை இறங்கினால் அதுவும் இறங்கும். ஏற்கனவே அடகில் நகை இருந்தால் புதிது வாங்க முன்னர் அதை மீட்டெடுங்கள். அடகு வட்டியை மிஞ்சி நிச்சயமாக லாபம் தரும் முதலீடு எதையும் நான் பார்த்ததில்லை.

கேள்வி: 1977க்கு முன் டொலர் 8 ரூபா அளவில் இருந்தது. இது திரும்பத் திரும்ப நடக்குமா? இன்னொரு 2022 வருமா? (பொத்துவில்)

மெல்லத் தேய்வது தொடரக்கூடும். 1977 நவம்பரில் 16 ஆக்கினார்கள், 2001 ஜனவரியில் சந்தையிடம் விட்டார்கள். விற்பதைவிட அதிகம் வாங்கி, வரவைவிட அதிகம் செலவழித்து, நம்மோடு வியாபாரம் செய்யும் நாடுகளைவிட வேகமாக விலையேறினால் எந்த நாணயமும் தேயும்.

திடீர் உடைவு வேறு. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் கொடுத்தது. அதே வருடம் வந்த மத்திய வங்கிச் சட்டம், காசு அச்சிட்டு அரசாங்கத்துக்கு நேரடியாகக் கொடுப்பதைத் தடுத்தது. இது நல்ல பூட்டு, அரசியல்வாதி கழற்றாமல் இருக்கும்வரை. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திறந்ததால் டொலர் வெளியே போவதும் கூடும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. மத்திய வங்கி மாதாமாதம் வெளியிடும் கையிருப்புத் தொகை தொடர்ந்து இறங்குகிறதா? வங்கிப் பலகையில் உள்ள டொலர் விலைக்கும் வெளியே கிடைக்கும் விலைக்கும் இடையே இடைவெளி விரிகிறதா? 2021இல் முதலில் விரிந்தது இந்த இடைவெளிதான், வளைகுடாவில் இருந்து காசு வரும் வீடுகளுக்கு அது மற்றவர்களுக்கு முன்னரே தெரிந்திருந்தது.